விடுபட்ட 16 புள்ளிகள்: சேலஞ்சர் விபத்தின் தரவுகளைச் சிதறல் வரைபடமாக வாசித்தல்

சிதறல் வரைபடம் வரைவது எளிது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு அளவுகளை எடுத்து, ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதைக் குத்து அச்சிலும் குறித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் வேலை முடிந்தது. வாசிப்பதுதான் கடினம். புள்ளிகள் மேல்நோக்கிச் சாய்ந்தால் நேர் ஒட்டுறவு, கீழ்நோக்கிச் சாய்ந்தால் எதிர் ஒட்டுறவு, சாய்வே தெரியாவிட்டால் ஒட்டுறவு இல்லை என்ற மூன்று வரிகளோடு பாடம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்த மூன்று வரிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு படத்தைப் பார்ப்பவர் எதையெல்லாம் தவறவிடுவார் என்பதைக் காட்ட, அமெரிக்க விண்ணோடமான சேலஞ்சரின் தரவுகளைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தரவுகள் மொத்தமே 23 புள்ளிகள்தான். வரைபடத்தாள் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, இக்கட்டுரையை வாசித்தபடியே குறித்துப் பார்க்கலாம்.

1986 ஜனவரி 28 அன்று முற்பகல் 11.38 மணிக்கு ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து புறப்பட்ட சேலஞ்சர், 73 நொடிகளில் வானிலேயே சிதைந்தது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட அதில் இருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். விண்ணோடத்தை மேலே உந்தித் தள்ளும் இரண்டு பக்கவாட்டு ராக்கெட்டுகளான பூஸ்டர்களில், வலப்பக்கத்ததின் கீழ் இணைப்பை அடைத்துக்கொண்டிருந்த ரப்பர் வளையங்கள் சூடான வாயுவைத் தடுக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்று, விசாரணைக்கு அமைக்கப்பட்ட ரோஜர்ஸ் ஆணைக்குழு அதே ஆண்டு ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. புறப்பட்ட நேரத்தில் காற்றின் வெப்பநிலை 36 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ். அதற்கு முன் எந்த விண்ணோடமும் அவ்வளவு குளிரில் ஏவப்பட்டதில்லை.

இணைப்பும் அளவுகளும்

ஒவ்வொரு பூஸ்டரும் யூட்டா மாநிலத்தில் மார்ட்டன் தியோகால் நிறுவனத்தால் துண்டுகளாகத் தயாரிக்கப்பட்டு, ரயிலில் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டப்பட்டது. அப்படிப் பூட்டப்பட்ட இணைப்புகள் ஒரு பூஸ்டரில் மூன்று. இரண்டு பூஸ்டர்களுக்கும் சேர்த்து ஆறு. ஒவ்வோர் இணைப்பிலும் சுமார் 12 அடி விட்டமும் கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தடிமனும் கொண்ட இரண்டு ஓ-ரிங் வளையங்கள் இருந்தன. முதல் வளையம் தவறினால் இரண்டாவது காக்க வேண்டும். எரிபொருள் தீப்பற்றிய கணமே உள்ளழுத்தத்தால் இணைப்பு சற்று விரிவடையும். அந்த இடைவெளியை வளையம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் பின்தொடர்ந்து அடைத்தாக வேண்டும்.

பயன்படுத்திய பூஸ்டர்கள் பாராசூட்டில் கடலில் இறங்கும், கப்பல்கள் இழுத்துவரும், பொறியாளர்கள் அவற்றைப் பிரித்து வளையங்களைப் பரிசோதிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு அளவுகள் கிடைத்தன: ஏவும் நேரத்தில் இணைப்பின் வெப்பநிலை என்ன, எத்தனை இடங்களில் வளையம் அரிக்கப்பட்டோ வாயு கசிந்தோ சேதம் தெரிந்தது. சேலஞ்சரின் இறுதிப் பயணத்துக்கு முன் 24 பயணங்கள் நடந்திருந்தன. 1982இல் நான்காவது பயணத்தின் பூஸ்டர்கள் கடலில் மூழ்கிப்போனதால் எஞ்சியவை 23. கிடை அச்சில் வெப்பநிலை, குத்து அச்சில் சேத எண்ணிக்கை, ஒவ்வொரு புள்ளியும் ஒரு பயணம்: நாம் வாசிக்கவேண்டிய படம் இதுதான்.

கிடை அச்சில் இருப்பது காற்றின் வெப்பநிலை அன்று, இணைப்பின் வெப்பநிலை என்பதை இங்கேயே நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கடும் குளிர் இரவுகளுக்குப் பின் பிற்பகலில் வெயில் வந்து காற்று சூடானாலும், தடித்த எஃகுக் கூட்டுக்குள் இருக்கும் ரப்பர் அவ்வளவு விரைவில் சூடாகாது. அச்சில் எழுதியிருக்கும் பெயர் எதை அளக்கிறது, எப்படி அளந்தார்கள் என்று கேட்காமல் புள்ளிகளைப் பார்க்கத் தொடங்குவது, எந்தச் சிதறல் வரைபடத்திலும் முதல் பிழை. வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருப்பது நம் வாசகர்களுக்குக் காய்ச்சலை மட்டுமே நினைவூட்டக்கூடும். ஆனால் மூல ஆவணங்கள் அந்த அலகில்தான் உள்ளன. அலகை மாற்றினால் அச்சிலுள்ள எண்கள் மாறுமே தவிர, புள்ளிகளின் அமைப்போ, ஒட்டுறவின் வலுவை −1 முதல் +1 வரை காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழுவோ மாறாது என்பதால் அதையே பின்பற்றுகிறேன்.

முந்தைய இரவு

ஜனவரி 27 மாலை, மறுநாள் காலைக் குளிர் பற்றிய முன்னறிவிப்பைக் கேட்ட தியோகால் பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். இணைப்பின் வெப்பநிலை 29 டிகிரி வரை இறங்கும் என்பது அவர்களுடைய கணிப்பு. யூட்டாவிலிருந்த நிறுவனம், அலபாமாவிலிருந்த மார்ஷல் விண்வெளி மையம், ஃபுளோரிடாவிலிருந்த ஏவுதளம் ஆகிய மூன்று இடங்களையும் இணைத்து ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பதுதான் நிறுவனத்தின் முதல் பரிந்துரை. அந்த எண்ணுக்கு அடிப்படை ஓராண்டுக்கு முன், 1985 ஜனவரி 24 அன்று ஏவப்பட்ட 51-சி பயணம். அதுவரையிலான பயணங்களில் மிகக் குளிர்ந்தது அதுவே, வளையங்களைக் கடந்து வாயு மிக மோசமாகக் கசிந்ததும் அதில்தான்.

எதிர்க்கேள்வி உடனே வந்தது. 1985 அக்டோபர் இறுதியில் ஏவப்பட்ட 61-ஏ பயணத்தில் இணைப்பின் வெப்பநிலை 75 டிகிரி. அதிலும் வாயு கசிந்திருந்தது. குளிரிலும் கசிவு, வெப்பத்திலும் கசிவு என்றால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு இருப்பதாக எப்படிச் சொல்வது? வளையங்களைப் பற்றி நீண்ட நாட்களாக எச்சரித்துவந்த பொறியாளர் ரோஜர் போஷோலேயிடம் அபாயத்தை எண்ணாகச் சொல்லும்படி கேட்டபோது, அவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நிறுவனம் தனியே கலந்தாலோசிக்க ஐந்து நிமிடம் கேட்டு, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, இறுதியில் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. ஏவுதளத்திலிருந்த அந்நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்திட மறுத்தார். வேறொரு மேலாளர் கையெழுத்திட்டு அனுப்பினார்.

அன்று மேசையில் சிதறல் வரைபடம் எதுவும் இல்லை. அட்டவணைகளும் குறிப்புகளும் இருந்தன. பேச்சு முழுவதும் சேதம் ஏற்பட்ட பயணங்களைச் சுற்றியே நடந்தது. சேதமுற்ற பயணங்களை மட்டும் காட்டும் படம் ஒன்றையும், எல்லாப் பயணங்களையும் காட்டும் படம் இன்னொன்றையும் பின்னர் ஆணைக்குழுதான் தன் அறிக்கையில் வரைந்து காட்டியது.

ஏழு புள்ளிகள்

முதலில் சேதம் ஏற்பட்ட பயணங்களை மட்டும் குறிப்போம். வெப்பநிலை வரிசையில் அவை 53, 57, 58, 63, 70, 70, 75 டிகிரிகள். சேத எண்ணிக்கை, 53 டிகிரியில் 3, 75 டிகிரியில் 2, மற்ற ஐந்திலும் தலா 1.

தாளில் பார்த்தால் இடது ஓரத்தில் ஒரு புள்ளி உயரத்தில் நிற்கிறது. வலது ஓரத்தில் ஒன்று பாதி உயரத்தில். இடையில் ஐந்தும் ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. இரு முனைகளும் தூக்கி நடுப்பகுதி தொய்ந்த இந்த அமைப்பில் தெளிவான சாய்வு எதுவும் இல்லை. ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால் −0.26 வருகிறது. ஏழே புள்ளிகளில் இந்த அளவு தற்செயலாகவே தோன்றக்கூடியது. இதை மட்டும் பார்த்தவர் ‘தொடர்பு தெளிவில்லை’ என்று சொன்னால் அவர் கணக்கில் பிழை இல்லை.

பிழை கணக்குக்கு முன்பே நடந்துவிட்டது. ‘சேதம் எதனால் வருகிறது’ என்ற கேள்விக்கு விடை தேடும்போது, சேதம் வந்த இடங்களை மட்டும் எடுத்துப் பார்ப்பது இயல்பாகத் தோன்றும். சேதமே இல்லாத பயணத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று மனம் சொல்லும். ஆனால் குத்து அச்சில் பூஜ்யமும் ஓர் அளவுதான். சேதமில்லாத பயணத்தை நீக்குவது, வெற்றிடத்தை நீக்குவதாகாது. ‘இந்த வெப்பநிலையில் வளையம் தாங்கியது’ என்ற சாட்சியத்தை நீக்குவதாகும். சிதறல் வரைபடத்தை வாசிப்பவர் கற்றுக்கொள்ளவேண்டிய பழக்கங்களில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்: சாய்வைப் பார்ப்பதற்கு முன், தாளில் இடம்பெறத் தகுதியுள்ள எல்லாப் புள்ளிகளும் வந்திருக்கின்றனவா, எந்த விதியால் சில விடுபட்டன என்று கேட்பது. குத்து அச்சின் மதிப்பையே காரணமாக வைத்துப் புள்ளிகள் வடிகட்டப்பட்டிருந்தால், அதன்பின் படம் சொல்லும் எதையும் அப்படியே நம்ப முடியாது.

பதினாறு புள்ளிகள்

இப்போது சேதமற்ற 16 பயணங்களையும் குறிப்போம். எல்லாம் பூஜ்யக் கோட்டிலேயே அமையும்: 66, 67இல் மூன்று, 68, 69, 70இல் இரண்டு, 72, 73, 75, 76இல் இரண்டு, 78, 79, 81. பதினாறும் 66 டிகிரியிலோ அதற்கு மேலோதான் இருக்கின்றன. 66க்குக் கீழே பூஜ்யக் கோட்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

படம் தலைகீழாக மாறிவிட்டது. 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த பயணங்கள் நான்கு, நான்கிலும் சேதம். 66 டிகிரியிலும் அதற்கு மேலும் நடந்தவை 19. சேதம் மூன்றில் மட்டும். 75 டிகிரியிலிருந்த அந்தப் புள்ளி, குளிரும் வெப்பமும் ஒன்றுதான் என்பதற்குச் சாட்சியாக நின்றது போய், சேதமில்லாத பெருங்கூட்டத்திலிருந்து விலகிய ஒற்றைப் புள்ளியாகத் தெரிகிறது. அதே 75 டிகிரியில் இன்னொரு பயணம் எந்தச் சேதமும் இல்லாமல் திரும்பியிருக்கிறது என்பதும் இப்போதுதான் கண்ணில் படுகிறது.

ஒட்டுறவுக் கெழு −0.26இலிருந்து −0.56க்கு வலுக்கிறது. வேறு விதமாகவும் கணக்கிடலாம். வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டு, சேதமுற்ற ஏழு பயணங்களையும் 23 இடங்களில் குருட்டாம்போக்காகப் பரப்பினால், மிகக் குளிர்ந்த நான்கு இடங்களும் அந்த ஏழுக்குள் வந்து விழுவதற்கான நிகழ்தகவு 253இல் 1. எல்லையை எங்கே வைப்பது என்பதைப் படத்தைப் பார்த்த பிறகே முடிவுசெய்தோம் என்பதால் இந்த எண்ணைச் சற்றுத் தளர்த்தியே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித் தளர்த்தினாலும், ‘தற்செயல்’ என்று தள்ளிவிட இடமில்லை.

ஒரே இடத்தில் விழும் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 67 டிகிரியில் சேதமற்ற மூன்று பயணங்களும் தாளில் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். 70 டிகிரியில் பூஜ்யக் கோட்டில் இரண்டும், ஒன்று என்ற கோட்டில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். 23 பயணங்களைக் குறித்தும் கண்ணுக்குத் தெரிபவை 18 புள்ளிகளே. மறைந்த ஐந்தில் நான்கு, சேதமற்ற வெப்பமான பயணங்கள். அவற்றைக் கணக்கில் எடுக்காத கண் வெப்பப் பகுதியின் பாதுகாப்பைக் குறைத்தே மதிப்பிடும். முழு எண்களும் வட்டமாக்கிய அளவுகளும் உள்ள தரவுகளில் புள்ளிகளைச் சற்றே விலக்கி வைப்பதோ, எத்தனை ஒன்றாக உள்ளன என்று பக்கத்தில் எழுதுவதோ கட்டாயம் செய்யவேண்டிய வேலை.

ஒற்றைப் புள்ளிகளின் பலம்

கெழு −0.56 என்றதும் நிறுத்திவிடாமல், எந்தப் புள்ளி அதை எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பது நல்லது. 53 டிகிரியிலுள்ள புள்ளியை நீக்கினால் கெழு −0.33க்கு நலிகிறது. அதை வைத்துக்கொண்டு, 75 டிகிரியில் இரண்டு சேதங்களோடு நிற்கும் புள்ளியை நீக்கினால் −0.71க்கு வலுக்கிறது. ஜனவரி 27 இரவு இரு தரப்பும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வாதாடிய இரண்டு பயணங்களும் இவையே. 23இல் இந்த இரண்டுக்குத்தான் கெழுவை இவ்வளவு அசைக்கும் பலம் இருக்கிறது.

அதனால்தான் இத்தகைய புள்ளிகளை நீக்குவதா வைப்பதா என்பதைக் கெழுவைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது; அந்தப் பயணத்தில் என்ன நடந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். போஷோலே அதைச் செய்திருந்தார். 51-சி பயணத்தின் பூஸ்டரில் முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் நடுவே இருந்த மசகு கன்னங்கரேலென்று கருகியிருந்தது. வளையத்தின் சுற்றளவில் கணிசமான பகுதிக்கு அது பரவியிருந்தது. 61-ஏ பயணத்தில் தெரிந்ததோ சாம்பல் நிறப் புகைக்கரி, அளவிலும் குறைவு. சேத இடங்களை எண்ணும் அச்சில் ஒன்று 3, மற்றொன்று 2 என்று அருகருகே வந்துவிடுகின்றன. இணைப்புகளைக் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு அவை இரண்டும் ஒப்பிடவே முடியாத நிலைகள். அந்த எண்ணிக்கையே முழுக்க உறுதியானதன்று: ஆணைக்குழுவின் படத்தில் 51-சிக்கு 3 என்று இருக்க, முதன்மை வளையங்களை மட்டும் எண்ணிய பிந்தைய ஆய்வு அதை 2 என்று கொண்டது.

குத்து அச்சில் எதை வைக்கிறோம் என்ற தேர்வு எந்த அளவுக்குப் படத்தை மாற்றும் என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. எண்ணிக்கைக்குப் பதிலாக அரிப்பின் ஆழத்தை வைத்தால், இவ்வகை இணைப்புகளில் மிக ஆழமான அரிப்பு 1981 நவம்பரில் நடந்த இரண்டாவது பயணத்தில், 70 டிகிரியில் ஏற்பட்டது: 0.053 அங்குலம். 53 டிகிரிப் பயணத்தின் மிக ஆழமான அரிப்பு 0.038 அங்குலம். ஆழத்தை மட்டும் பார்ப்பவருக்குக் குளிர் குற்றவாளியாகத் தெரியாது. இதை மறைத்துவிட்டு, ‘படம் தெளிவாகவே இருந்தது, யாரும் பார்க்கவில்லை’ என்று பேசுவது நேர்மையாகாது. குளிர் செய்வது வளையத்தின் விறைப்பைக் கூட்டி அது இடைவெளியை அடைப்பதைத் தாமதப்படுத்துவது. அதன் நேரடி அடையாளம் வாயு கசிந்து கடந்துபோவதே தவிர, அரிப்பின் ஆழம் அன்று. எது எதை எப்படிப் பாதிக்கிறது என்ற அறிவு இல்லாமல் அச்சைத் தேர்ந்தெடுக்க முடியாது.

படத்தில் இல்லாத மூன்றாவது அளவு

இரண்டு அச்சுகள் கொண்ட தாளில் மூன்றாவது காரணி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யலாம். இங்கே அப்படியொன்று உண்மையாகவே இருந்தது. பூட்டிய பின் இணைப்பு கசிகிறதா என்று காற்றழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். அந்த அழுத்தம் தொடக்கத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டாக இருந்து, பிறகு 100 ஆகி, 1984 பிப்ரவரியில் நடந்த 41-பி பயணத்திலிருந்து 200 ஆக்கப்பட்டது. இணைப்பில் பூசிய வெப்பத்தடுப்புப் பசையில் அந்த அழுத்தமே துளைகளை உண்டாக்கி, சூடான வாயு நேராக வளையத்தைத் தாக்க வழி திறக்கக்கூடும் என்ற ஐயம் பொறியாளர்களுக்கு இருந்தது.

தரவுகளும் அந்த ஐயத்துக்கு இடம் தருகின்றன. 41-பிக்கு முந்தைய எட்டுப் பயணங்களில் சேதம் ஒன்றில் மட்டும். 41-பியும் அதற்குப் பிந்தையவையும் சேர்ந்த 15இல் ஆறில். குளிர்ந்த பயணங்கள் நான்கும் இந்தப் பிந்தைய காலத்தைச் சேர்ந்தவை. அப்படியானால் நாம் குளிரின் விளைவு என்று நினைப்பது, சோதனை அழுத்தத்தின் விளைவாக இருக்கலாமே?

விடை காண, அழுத்தம் மாறாத பயணங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். 200 பவுண்டு அழுத்தத்தில் சோதிக்கப்பட்ட 15இல் குளிர்ந்தவை நான்கு, நான்கிலும் சேதம். மற்ற 11இல் சேதம் இரண்டில் மட்டும், 70 டிகிரியில் ஒன்று, 75 டிகிரியில் ஒன்று. முன்பு செய்த நிகழ்தகவுக் கணக்கை இந்த 15க்குள் மட்டும் செய்தால் 91இல் 1 வருகிறது. முன்பைவிட வலுக் குறைந்த சான்றுதான். எனினும் அழுத்தத்தை நிலையாக வைத்த பிறகும் குளிரின் அடையாளம் அழியவில்லை. புள்ளிகளை இரண்டு நிறங்களில் குறித்திருந்தால் இது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். ஒட்டுறவு காரணமாகாது என்று எச்சரிப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த மூன்றாவது காரணி என்று பெயர் சொல்லி, அதைப் பிரித்துப் பார்ப்பதுவரை போனால்தான் அந்த எச்சரிக்கைக்குப் பயன் உண்டு.

காரணத்தை உறுதிசெய்தது படத்துக்கு வெளியே இருந்த அறிவு. 1985லேயே தியோகால் செய்த சோதனைகளில், அழுத்தி வைத்த வளையத்தை விடுவித்தபோது 100 டிகிரியில் அது உலோகத்தோடு தொடர்பை இழக்கவே இல்லை. 75 டிகிரியில் மீண்டும் ஒட்ட 2.4 நொடி ஆனது. 50 டிகிரியில் பத்து நிமிடம் கழித்தும் ஒட்டவில்லை. ஆணைக்குழு உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1986 பிப்ரவரியில் அந்த ரப்பர்த் துண்டொன்றை ஐஸ் நீரில் அமிழ்த்தி, அது உடனே மீளாததைக் கேமராக்கள் முன் காட்டியது பின்னர் பெரும் புகழ் பெற்றது. என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய அந்த எளிய ஆய்வகச் சோதனைதான் வலுவான சான்று. ஏனெனில் அது முடிவெடுப்பதற்கு முன்பே கையில் இருந்தது.

புள்ளிகள் முடிந்த இடத்துக்கு அப்பால்

மேலே சொன்ன எதுவும் அன்றைய கேள்விக்கு நேரடி விடை ஆகாது. கேள்வி 29 டிகிரி பற்றியது. தாளின் இடது ஓரத்தை 29 வரை நீட்டி வரைந்து பாருங்கள். 53இலிருந்து 81 வரை, 28 டிகிரி அகலத்துக்குள் அத்தனை புள்ளிகளும் அடங்கிவிடுகின்றன. 29க்கும் 53க்கும் இடையில் 24 டிகிரி அகலத்துக்கு வெறுந்தாள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகால அனுபவம் முழுவதும் எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அதே அளவு தூரம் அனுபவமே இல்லாத பகுதிக்குள் காலெடுத்து வைக்கப்போகிறோம் என்பதை இந்த வெறுந்தாள் சொல்கிறது. அச்சுகளைத் தரவுகள் இருக்கும் இடத்தோடு வெட்டி வரைந்திருந்தால் இது தெரியவே தெரியாது. முடிவெடுக்கவேண்டிய இடமும் படத்துக்குள் வரும்படி அச்சை நீட்டுவது, இங்கே புள்ளி வைப்பதைவிட முக்கியமான வேலை.

அந்தப் பகுதிக்குள் கோட்டை நீட்டிச் சொல்வதைப் பாடநூல்கள் புறச்செருகல் என்கின்றன. 23 புள்ளிகளுக்குப் பொருந்தும் நேர்கோடு, 29 டிகிரியில் ஏறத்தாழ 3 சேதங்கள் வரும் என்கிறது. அதே கோடு 81 டிகிரியில் −0.28 சேதம் என்றும் சொல்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. தரவுகள் இருக்கும் இடத்திலேயே பொருளற்ற விடை தரும் கோட்டைத் தரவுகள் இல்லாத இடத்தில் நம்ப முடியாது. சித்தார்த்த தலால், எட்வர்ட் ஃபௌல்க்ஸ், புரூஸ் ஹோட்லி ஆகிய புள்ளியியலாளர்கள் 1989இல் இத்தரவுகளை மறுபடி ஆய்ந்தபோது நேர்கோட்டை விட்டுவிட்டு, ஒரு வளையம் சேதமுறும் நிகழ்தகவு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலேயே நிற்கும்படியான லாஜிஸ்டிக் முறையைக் கையாண்டார்கள். 31 டிகிரியில் பேரழிவு ஏற்படும் நிகழ்தகவு குறைந்தது 13 சதவீதம் என்றும், 60 டிகிரி வரும்வரை காத்திருந்தால் அது 2 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கும் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். ஏழு உயிர்களை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு 13 சதவீதம் என்றால், எட்டுக்கு ஒன்று.

அந்த மதிப்பீடும் புறச்செருகல்தான்; அதன் பிழை எல்லை மிக அகலமானது. ஆனாலும் அந்த அகலத்தைக் காரணம் காட்டி, தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. தரவுகள் இல்லாத பகுதியில், தரவுகள் இருக்கும் ஓரத்திலேயே சேதம் கூடிக்கொண்டு போகும்போது, நிரூபிக்கும் பொறுப்பு ‘பாதுகாப்பானது’ என்று சொல்பவரிடம்தான் இருக்க வேண்டும். அபாயத்தை எண்ணாகத் தரும்படி போஷோலேயிடம் கேட்டவர்கள், பாதுகாப்பை எண்ணாகத் தரவேண்டிய கடமை தங்களுக்கு இருந்ததை மறந்தார்கள்.

பொறியாளர்கள் சரியான படத்தை வரையத் தவறியதால்தான் விபத்து நேர்ந்தது என்று 1997இல் தரவு வரைபட வல்லுநர் எட்வர்ட் டஃப்டி எழுதினார். புள்ளியியல் வகுப்புகளில் அக்கருத்து வேகமாகப் பரவியது. போஷோலேயும் வேறு மூவரும் 2002இல் அதற்கு மறுப்பு எழுதி, காற்றின் வெப்பநிலையையும் இணைப்பின் வெப்பநிலையையும் அவர் ஒரே அச்சில் கலந்துவிட்டார் என்றும், எல்லாப் பயணங்களின் வெப்பநிலையும் அன்றிரவு பொறியாளர்கள் கையில் இல்லை என்றும் எடுத்துக்காட்டினார்கள். இந்த மறுப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். அவகாசம் சில மணி நேரம்; ஏவ வேண்டாம் என்ற சரியான முடிவைத்தான் அவர்கள் முதலில் சொன்னார்கள்; அழுத்தத்துக்குப் பணிந்து அதை மாற்றியவர்கள் மேலாளர்கள். ஆணைக்குழு சுட்டிக்காட்டிய குறை வேறு திசையில் இருந்தது: பயண வரலாறு முழுவதையும் கவனமாக ஆய்ந்திருந்தால் குளிருக்கும் சேதத்துக்குமான தொடர்பு வெளிப்பட்டிருக்கும், அந்த ஆய்வை நாசாவும் செய்யவில்லை, நிறுவனமும் செய்யவில்லை என்று அது பதிவுசெய்தது. 51-சி திரும்பி வந்த 1985 ஜனவரிக்கும் சேலஞ்சர் புறப்பட்ட 1986 ஜனவரிக்கும் இடையில் அதற்கு ஓராண்டு இருந்தது.

விண்ணோடங்கள் மீண்டும் பறந்தது 1988 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் பூஸ்டர் இணைப்பு புதிதாக வடிவமைக்கப்பட்டிருந்தது: உள்ளழுத்தத்தில் இணைப்பு விரிவடையாதபடி உலோக உதடு ஒன்றும் மூன்றாவது ஓ-ரிங் வளையம் ஒன்றும் சேர்க்கப்பட்டன, இணைப்பைச் சுற்றி மின் சூடேற்றிகள் பொருத்தப்பட்டன. வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் வளையத்தின் வெப்பநிலை, வரைபடத்தில் பூஜ்யக் கோட்டுப் புள்ளிகள் நெருங்கி நின்ற அந்த வலப்பக்கப் பகுதியிலேயே இருக்கும்படி அவை பார்த்துக்கொண்டன.